பந்தல் எங்கே போடுகிறார்கள்?

பணியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னைப் பார்க்க வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "நீங்க கட்டற குடியிருப்புக்குத் திறப்பு விழா வந்தா பந்தல் எங்க போடுவாங்க?" கேட்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பந்தல் போடுவது நம் வேலையா என்று யோசிப்பார்கள். "அதெல்லாம் வேற ஆளுங்க பார்த்துப்பாங்க மேடம்" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பவர்களும் உண்டு. அப்படிச் சிரித்தவர்களை உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்லாமல் நான் அனுப்பியதில்லை.

அரசு வீடு கட்டும் வேலையில் தலை நரைத்தவள் நான். கலவை எப்படிப் போடுவது, கம்பி எப்படிக் கட்டுவது என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அது புத்தகத்தில் இருக்கிறது, இப்போது போனிலும் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது ஒன்று உண்டு. வீட்டுச் சாவி உங்கள் கையில் இருக்கும்போது அதை எப்போது கொடுக்கக் கூடாது என்பதுதான் அது. இப்படிப் பேசுவதால் என்னை அடங்காப்பிடாரி என்பவர்கள் இருக்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், ஓய்வு பெற்றவளை இனி எங்கே மாற்றப்போகிறார்கள்?

போச்சம்பள்ளி தொழிற்பேட்டைக்குப் போகும் சாலை ஒன்றை அகலப்படுத்தும் திட்டம் வந்தது. கம்பெனி பஸ்ஸும் கன்டெய்னர் லாரியும் மாங்காய் வண்டியும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும் சாலை அது. அகலப்படுத்த வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே கூட்டுரோட்டை ஒட்டிப் புறம்போக்கில் வரிசையாகக் குடிசைகள் இருந்தன. தகரமும் தார்ப்பாயும் போட்டவை. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பெண்கள். குடிசைகளை எடுக்க வேண்டும், எடுக்கும் முன் மாற்று வீடு கொடுக்க வேண்டும் என்று முடிவானது. அந்த வீடுகளைக் கட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது.

இடம் கொடுத்தார்கள் பாருங்கள், கரட்டு மேட்டில்! கூட்டுரோட்டிலிருந்து ஒரு மண் தடம் உள்ளே போகும். நடுவில் ஓடை. ஓடையைத் தாண்டி ஏறினால் பாறையும் வேலிக்காத்தானும் மண்டிய மேடு. அதை வெட்டிச் சமன்படுத்தி மாடி வீடுகள் கட்டினோம். நல்ல வீடுகள். சுவரில் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். சமையல் மேடை, தனிக் கழிப்பறை, ஜன்னலைத் திறந்தால் காற்று. வீடு எங்கள் துறை. தடம் வேறொரு துறை. ஓடை இன்னொரு துறை. பஸ் நான்காவது துறை. அவரவர் எல்லைக்குள் எல்லோரும் யோக்கியர்கள்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஓர் அதிகாரி இருந்தார். பெயர் சொன்னால் எங்கிருந்தாலும் திட்டுவார், அதனால் சொல்லவில்லை. பாராட்டத் தெரியாத மனிதர். ஓசூர் பக்கம் தொழிலாளர்களுக்கு என்று கட்டி, யாருமே குடிவராமல் ஆடு அடைந்து கிடந்த ஒரு குடியிருப்பைக் காட்டி அவர் சொன்னது மட்டும் என்னோடு ஒட்டிக்கொண்டது. "வீட்டுக்குள்ள போய்ப் பார்க்கிறவன் மேஸ்திரி. வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்பிப் பார்க்கிறவன்தான் இன்ஜினியர்." அன்றிலிருந்து எந்த வீட்டையும் அங்கிருந்து கிளம்பிப் பார்க்காமல் நான் முடிந்தது என்று சொன்னதில்லை.

கரட்டு வீடுகளுக்குப் பூச்சு வேலை முடிந்ததும் கூட்டுரோட்டில் ஒரு கூட்டம் வைத்தோம். எல்லோரும் கை தட்டினார்கள். குடிசைக்காரர்களில் நாகவேணி என்ற பெண் மட்டும் தட்டவில்லை. கம்பெனிச் சீருடையோடு, முதல் ஷிப்டு முடிந்து நேராக வந்திருந்தாள். புருஷன் இல்லை. காது மந்தமான மாமியாரைத் தன் ஒரு சம்பளத்தில் வைத்துக் காப்பாற்றுகிறவள். வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் பாதி இங்கிலீஷ், சண்டை என்றால் சுத்தமான தமிழ்.

"ஊடு நல்லா இருக்குது மேடம், நான் இல்லேங்கல. விடிகாலம் கம்பெனி பஸ்ஸு இந்தக் கூட்டுரோட்டுலதான் நிக்கும். கரட்டுல இருந்து நான் பறந்தா வருவேன்?"

"நடந்து வரலாம்மா, பக்கம்தானே" என்றார் மேடையில் இருந்த ஒருவர்.

"நீ நடந்து காட்டு சாமி" என்றாள்.

கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய வார விடுமுறை என்றைக்கு என்று கேட்டுக்கொண்டேன். அந்த நாளில் விடியும் முன்பே இரண்டு பேரும் கரட்டு வீட்டு வாசலில் நின்றோம். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு கிளம்பினோம். முந்தின நாள் மழை பெய்திருந்தது. விளக்கில்லாத தடத்தில் நாய்கள் துரத்தின. ஓடையில் முழங்காலுக்குத் தண்ணீர். என் ஒரு செருப்பு அதோடு போனது. நாகவேணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் கையைப் பிடித்து இழுத்தாள். அக்கரை ஏறி மூச்சு வாங்கும்போது கூட்டுரோட்டில் பஸ் வந்து நின்றது தெரிந்தது. ஒரு ஹாரன் அடித்தது. கிளம்பிவிட்டது.

நாகவேணியின் குடிசை அந்த நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"என் ஊட்டு வாசல்ல இருந்து கைய நீட்டினா நிக்கற பஸ்ஸு மேடம் அது. இன்னிக்கு எனக்கு லீவு, பரவால்ல. நாளைக்கு? ரெண்டு தடவ மூணு தடவ பஸ்ஸ உட்டா காண்ட்ராக்டரு கேட்டுக்கு வெளியவே நிறுத்திடுவான். எனக்கு மாடி ஊடு குடுத்துட்டு சோத்த புடுங்கிக்கிறீங்களே."

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. கோபமும் வந்தது. அவள் மேல் அல்ல. குடியிருப்பு என்று பெயர் வைத்துக் குடியிருக்க முடியாத இடத்தில் என்னைக் கட்டவைத்தவர்கள் மேல். பாலமும் பஸ்ஸும் இல்லாமல் சாவி கொடுப்பதில்லை என்று அந்த ஓடைக் கரையிலேயே முடிவு செய்தேன்.

மேலதிகாரி என்னை அறைக்குக் கூப்பிட்டார். நல்லவிதமாகத்தான் ஆரம்பித்தார். "வீடு முடிஞ்சிடுச்சு. சாவியக் கொடுத்துடுங்க. பாலம், பஸ்ஸு எல்லாம் அடுத்த கட்டத்துல வரும்."

"அடுத்த கட்டம்னு எங்கயாவது வந்து நீங்க பார்த்திருக்கீங்களா சார்?"

 விழா அழைப்பிதழின் மாதிரியை என் பக்கம் தள்ளினார். பந்தல் கூட்டுரோட்டில், மெயின் ரோட்டை ஒட்டி. மேடைக்குப் பின்னால் கரட்டு வீடுகளின் பெரிய படம் கட்டிவிடுவார்களாம். பெரியவர்கள் காரை விட்டு இறங்குவார்கள், படத்துக்கு முன்னால் நின்று சாவி கொடுப்பார்கள், காரில் ஏறிப் போவார்கள். ஓடைப் பக்கம் ஒருவர் காலும் படப்போவதில்லை. பந்தல் போட வேண்டிய, கல்லாவி ஊரைச் சேர்ந்த கல்லாவிக்காரர் ஏற்கெனவே வந்து இடத்தை அளந்துவிட்டுப் போயிருந்தார்.

நம் ஊர் வழக்கம் ஒன்று உங்களுக்குத் தெரியும். வருடக்கணக்கில் மனு கொடுத்தாலும் வராத ரோடு, பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் வந்துவிடும். இதைச் சொல்லி எல்லோரும் கேலி செய்வோம். கேலி செய்வதோடு நிறுத்திக்கொள்வதுதான் நம் முட்டாள்தனம். அதை நாம் பயன்படுத்த வேண்டும். பந்தல் கரட்டுக்குப் போனால் ரோடும் கரட்டுக்குப் போகும். பந்தல் கூட்டுரோட்டில் நின்றால் ரோடும் கூட்டுரோட்டிலேயே நின்றுவிடும்.

"சார், சாவிய எங்க வேணா கொடுக்கலாம். ஆனா புது வீட்டுல பால் காய்ச்ச வேண்டாமா? படத்துக்கு முன்னாடி அடுப்ப மூட்டினா நாளைக்கு ஊரே சிரிக்கும். முதல் வீட்டுல பெரியவங்க கையால பால் காய்ச்சினா போட்டோவும் நல்லா வரும்" என்றேன்.

என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். ஆனால் பால் காய்ச்சும் யோசனை மேலே போனதும் அங்கே எல்லோருக்கும் பிடித்துவிட்டது. பந்தல் கரட்டுக்கு மாறியது. மறு வாரமே மண் தடத்தில் ஜல்லி வந்து கொட்டியது. ஓடையில் நாலு குழாயைப் போட்டு மண்ணைத் தள்ளி மூடத் தொடங்கினார்கள். காரில் வருபவர்களுக்கு அது போதும். முதல் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகும் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அதை நாங்கள் எங்களுக்குள் விழா ரோடு என்போம்.

எனக்கு வேண்டியது கார் போகும் பாதை இல்லை. பஸ் போகும் பாதை. ஆகவே பஸ் டிப்போவின் கிளை மேலாளர் அன்வர் பாஷாவைப் பார்க்கப் போனேன். வெற்றிலை போட்டுக்கொண்டு நிதானமாகப் பேசும் மனிதர். விடியற்காலையில் கரட்டிலிருந்து ஒரு டவுன் பஸ் கிளம்பி ஷிப்டு நேரத்துக்குக் கூட்டுரோடு வர முடியுமா என்று கேட்டேன்.

"பஸ்ஸு இருக்குதுங்க மேடம், டிரைவரும் இருக்கறாரு. ஆனா அந்தக் குழாய் மேல நான் வண்டிய ஏத்தமாட்டேன். கான்கிரீட்டுல பாலம் வேணும், மேல வண்டி திரும்ப இடம் வேணும். இல்லேன்னா நீங்க கலெக்டரையே கூட்டியாந்தாலும் முடியாதுங்க."

"இதையே அவங்க எல்லார் முன்னாடியும் சொல்லுவீங்களா?"

"ஏங்க சொல்லமாட்டேன்? வண்டி கவுந்தா பதில் சொல்றது நான்தானே."

கிருஷ்ணகிரியில் நடந்த ஆய்வுக் கூட்டத்தில் நான் எழுந்து, பால் காய்ச்சும் அதே நேரத்தில் கரட்டிலிருந்து புதுப் பஸ்ஸுக்கும் கொடி அசைக்கலாமே என்றேன். நல்ல யோசனை என்று நாலு பேர் தலையாட்டினார்கள். அடுத்து அன்வர் பாஷா எழுந்து, பாலம் இல்லாமல் பஸ் வராது என்று அதே நிதானத்தோடு சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.  தலையாட்டிய நாலு பேராலும் இப்போது பின்வாங்க முடியவில்லை. விழாவைத் தள்ளிவைத்துவிட்டு ஓடைக்குப் பாலம் கட்ட உத்தரவானது.

இதோடு முடிந்தது என்று நினைத்தால் நீங்கள் இன்னும் புதியவர்கள்தான். பாலம் என்ன, இட்லியா, ஊற்றி எடுப்பதற்கு? மாதங்கள் ஆகின. அதற்குள் பருவமழை வந்தது. குடிசைகள் ஒழுகின. கட்டி முடித்த வீடுகள் மேட்டில் பூட்டிக் கிடந்தன. "மாடி வீட்ட பூட்டி சாவிய இடுப்புல சொருகினு இருக்கற மகராணி" என்று உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் என்னைப் பற்றி மைக்கில் பேசினார். குடிசை மக்கள் என் ஜீப்பை மறித்தார்கள். முன்னால் நின்றது நாகவேணி.

"எங்க மாமியா ராவெல்லாம் ஈரத்துல உக்காந்துனு இருக்குது. உங்க பாலம் எப்ப முடியறது? சாவிய குடுங்க மேடம்."

நான் யாருக்காக நிற்கிறேனோ அவளே என்னைக் கேட்கிறாள். கொடுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. வயதானவர்களைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கவைக்க ஏற்பாடு செய்தேன், கூரைகளுக்குப் புதுத் தார்ப்பாய் போட வைத்தேன். ஆனாலும் அது வீடு ஆகாது. அந்த மழையை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் மறுபடி அதே இடத்தில் நிறுத்தினாலும் அதையேதான் செய்வேன்.

"நாகவேணி, நான் இன்னிக்கு சாவியக் கொடுத்தா நாளைக்கு ஓடையில இருக்கற மிஷின் எங்க இருக்கும்னு நெனைக்கிற?"

 ஓடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கலவை மிஷின் ஓடும் சத்தம் அங்கிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, "வழிய உடுங்க, போவட்டும்" என்றாள். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

சோதனை அடுத்த வாரம் வந்தது. மழை விட்டதும் சாலை வேலைக்காரர்கள் காலையிலேயே ஜேசிபியைக் குடிசைகளுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். நாகவேணி போன் பண்ணினாள். "மேடம், வாங்க" என்றாள், அவ்வளவுதான். நான் போய்ச் சேர்ந்தபோது வண்டியின் கைக்கு நேர் கீழே அவளுடைய மாமியார் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காது கேட்காததால் டிரைவர் போட்ட சத்தம் எதுவும் அவரை ஒன்றும் செய்யவில்லை.

சாலை வேலையைப் பார்த்த அதிகாரி என்னைவிட இளையவர். அவருக்கும் மேலேயிருந்து நெருக்கடி. "மேடம், மாற்று வீடு ரெடியா இருக்கு. நீங்க சாவி கொடுக்காததுக்கு நான் பொறுப்பா? உங்களாலதான் இந்த ரோடே நிக்குது" என்றார்.

"மாற்று வீட்ட ஒப்படைச்ச பிறகுதான் குடிசைய எடுக்கணும்ங்கறது உத்தரவு. நான் இன்னும் ஒப்படைக்கல. அதனால இது வீடு. ஆள் இருக்கற வீட்ட இடிக்கப் போறீங்களா?"

அவர் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். பேசிவிட்டு என்னிடம் நீட்டினார். அந்தப் பக்கம் என் மேலதிகாரி. நல்லவிதமாகப் பேசும் கட்டம் தாண்டியிருந்தது.

"இப்பவே சாவியக் கொடுத்து அவங்கள மேல அனுப்புங்க. இல்லேன்னா உங்கள தண்ணியில்லாத காட்டுக்குத் தூக்கி அடிச்சிடுவாங்க. என்னால காப்பாத்த முடியாது."

"கரட்டுல போர் போட்டுத் தண்ணி எடுத்தவளுக்குத் தண்ணியில்லாத காடு புதுசா சார்? பாலத்து மேல பஸ்ஸு ஏறட்டும். அடுத்த நிமிஷம் சாவியக் கொடுக்கிறேன்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாகவேணியின் மாமியாருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வீரம் ஒன்றும் இல்லை, வேறு வழி தெரியவில்லை. பாட்டியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உட்காரக் கோணிப்பையைத் தள்ளிப் போட்டார். வெயில் ஏறியது. மதியத்துக்குள் ஜேசிபி திரும்பிப் போய்விட்டது.

மாற்றல் உத்தரவு வந்தது. சொன்னபடி தூர மாவட்டம்தான். உடனே பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பச் சொன்னார்கள். ஒப்படைக்க வேண்டியவற்றில் கரட்டு வீட்டுச் சாவிகளும் இருந்தன. எனக்குப் பதிலாக வந்தவர் சின்ன வயசு, உங்களைப் போல. "மேடம், சாவிய மட்டும் கொடுத்துட்டுப் போங்க, எனக்கும் பிரஷர் வருது" என்று கெஞ்சினார். "பாலம் முடிஞ்சிருச்சு தம்பி. பஸ் ஏறின பிறகு வாங்கிக்கோங்க. சும்மா வாங்கிக்கிட்டா நாளைக்கு உங்க பேச்ச யாரும் கேட்கமாட்டாங்க" என்றேன்.

அன்றே அன்வர் பாஷாவுக்குச் சொல்லியனுப்பினேன். அவரே ஒரு பஸ்ஸோடு கூட்டுரோட்டுக்கு வந்தார். காலிப் பஸ்ஸை ஓட்டிப் பார்ப்பதில் அர்த்தமில்லை, ஷிப்டு நேரத்தில் நெரிசலோடு போகும் பஸ் அல்லவா வரப்போகிறது. கூட்டுரோட்டில் நின்றவர்களை எல்லாம் ஏறச் சொன்னார். குடிசைச் சனம் முழுவதும் ஏறியது. பாட்டியம்மாவுக்கு எதற்கு என்று புரியவில்லை. "பஸ்ஸு ஒச்சிந்தி, ரா அத்தா" என்று, பஸ் வந்துவிட்டதைத் தெலுங்கில் காதில் கத்தி நாகவேணி அவரை ஏற்றினாள். பஸ் பாலத்தின் மேல் நின்று, நகர்ந்து, மேடேறி, குடியிருப்பு வாசலில் ஒரு வட்டமடித்துத் திரும்பி நின்றது. டிரைவர் இறங்கிப் பாலத்தை ஒரு முறை நடந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். சாவிகளை அந்தத் தம்பியின் கையில் கொடுத்தேன். 

திறப்பு விழா நடந்தபோது நான் மேடையிலும் இல்லை, அழைப்பிதழிலும் இல்லை. பால் பொங்கியதாம், கொடி அசைத்தார்களாம், கல்லாவிக்காரர் பந்தலில் சீரியல் லைட் எல்லாம் கட்டியிருந்தாராம். பேசியவர்களில் ஒருவர், மக்கள் நலனுக்காகப் பல துறைகளும் ஒருங்கிணைந்து செயல்பட்டதைப் பாராட்டினாராம். கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். நீங்களும் இப்படிப்பட்ட பேச்சுகளைக் கேட்பீர்கள். கோபப்படாதீர்கள், பாலம் அங்கேதான் இருக்கும். ஆனால் பெயர் வரும் என்று காத்திருந்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். பெயருக்காக நின்றவர்கள் பாதியில் சாவியைக் கொடுத்துவிடுவார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

விழா முடிந்து அவர்கள் குடிபோன பிறகு, புது ஊரில் பொறுப்பேற்றிருந்த நான் வீட்டுச் சாமானை ஏற்றிப்போக வந்த ஒரு நாள், விடியற்காலையில் கூட்டுரோட்டுக்குப் போய் நின்றேன். குடிசைகள் இருந்த இடத்தில் ஜல்லி பரப்பியிருந்தது. கரட்டுப் பக்கமிருந்து டவுன் பஸ் விளக்கு போட்டுக்கொண்டு வந்தது. சீருடை போட்ட பெண்கள் சளசளவென்று பேசிக்கொண்டு இறங்கினார்கள். நாகவேணியின் தலையில் ஈரம், நெற்றியில் திருநீறு, செருப்பில் சேறு இல்லை. என்னைப் பார்த்ததும் அவள் வணக்கம் சொல்லவில்லை, நன்றியும் சொல்லவில்லை. சாலையின் கோடியை எட்டிப் பார்த்தாள். கம்பெனி பஸ்ஸைக் காணோம். இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினாள்.

"பாருங்க மேடம் அநியாயத்த. நாங்க எந்நேரமா வந்து நின்னுனு இருக்கறோம், இந்தக் கம்பெனி பஸ்ஸுக்காரன் இன்னும் வரல!"